மாதம் 365 ரூபாய்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 36. கைக்கு வரும் சம்பளம் 46,000. கணவர் தனியார் பள்ளி ஆசிரியர், அவருக்கு 22,000. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்கடன் தவணை 14,500-ஐயும் சேர்த்து மாதம் 52,000 செலவாகிறது. நான்கு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய என் முதல் நாவல் (288 பக்கம், விலை 350) இரண்டரை வருடத்துக்கு முன் வெளிவந்தது. 500 பிரதி விற்றதாகச் சொல்லி 17,500 ரூபாய் ராயல்டி கொடுத்தார்கள். கிண்டிலில் போட்ட குறுநாவல்களில் மாதம் 2,000 வருகிறது. இரண்டாவது நாவல் பாதி முடிந்திருக்கிறது. அதைப் போட வேறொரு பதிப்பகம் 40,000 ரூபாய் கேட்கிறது. ஓர் இயக்குநர் வசனம் எழுத டிஸ்கஷனுக்கு வரச் சொல்கிறார். சேமிப்பு 2,20,000 இருக்கிறது, பிஎஃப் தனி. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் முழுநேரமாக எழுதிப் பார்க்க ஆசை. கணவர் சரி என்கிறார். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வரி விஷயமும் எனக்குத் தெரியாது.
– வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு பாராட்டு. என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு எழுத்தாளர்கள் சிலர் கணக்கோடு வருகிறார்கள். உரைநடையில் கமா எங்கே வர வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர்களுக்குப் போன வருடம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் மட்டும் ஒரு குத்துமதிப்புதான் வரும். நீங்கள் எல்லா எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

சரி, உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். நான்கு வருடம் என்பது 48 மாதம். 17,500 ரூபாயை 48-ஆல் வகுத்தால் மாதம் 365 ரூபாய்க்கு ஐம்பது பைசா போலக் குறைகிறது. உங்கள் ஊரில் ஒரு டெய்லரின் ஒரு ஷிப்ட் கூலியைவிடக் குறைவு. மனசு ஒடிவதற்காக இதைச் சொல்லவில்லை. அறிமுக எழுத்தாளரின் 350 ரூபாய் நாவல் 500 பிரதி போவது தமிழில் மோசமான விற்பனையே அல்ல. நன்றாகப் போன புத்தகத்துக்கே கணக்கு இப்படித்தான் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

எங்கே போகிறது அந்த 350? தோராயமாகப் பார்த்தால், கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் 35 முதல் 40 சதவீதம் கழிவு, அதாவது 130 ரூபாய். 500 பிரதி போன்ற சின்ன அச்சு என்றால் தாள், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து 100 ரூபாயை ஒட்டி வரும். உங்களுக்கு 35. மிச்சமிருக்கும் 85-ல் பதிப்பாளர் பிழை திருத்தியவருக்கும் அட்டை போட்டவருக்கும் கொடுக்க வேண்டும், புத்தகக் காட்சி அரங்கு வாடகை கட்ட வேண்டும், மூட்டையாகத் திரும்பி வரும் புத்தகங்களைத் தாங்க வேண்டும். பதிப்பாளர் கொள்ளையடிக்கிறார் என்று பேசிக்கொள்வது எழுத்தாளர்களுக்கு ஆறுதலான பொழுதுபோக்கு. சில இடங்களில் உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலும் கொள்ளையடிக்கும் அளவுக்கு அங்கே பணமே இல்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 5,52,000. புத்தகத்துக்கு 35 ரூபாய் வீதம் அதை ஈடுகட்ட, வருடம் தவறாமல் 15,772 பிரதி விற்க வேண்டும்.

1920-ல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு உதவி கேட்டு ஒரு சுற்றுக்கடிதம் எழுதினார். தன் எழுத்துகளை 40 புத்தகமாகப் போடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பது, ஆக 4 லட்சம் பிரதி. மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக அவை விற்றுப்போகும் என்று நம்பினார். ஆடிட்டர் கண்ணால் பார்த்தாலும் அது நல்ல வியாபாரத் திட்டம்தான், விற்பனை என்ற ஓர் அனுமானத்தைத் தவிர. அந்தத் திட்டம் நடக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் அவர் மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அவரை வைத்து உங்களைப் பயமுறுத்தவில்லை. எழுத்தாளர் போடும் கணக்கு எப்போதுமே பிரதி எண்ணிக்கை என்ற அந்த ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் 46,000-ஐ ஈடுகட்ட வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். அது தேவையில்லை. செலவு 52,000, கணவரின் வரவு 22,000, கிண்டில் 2,000. துண்டு விழுவது 28,000. உங்கள் பிரச்சினையின் உண்மையான அளவு இதுதான். சேமிப்பான 2,20,000-ஐ இதில் போட்டால் எட்டு மாதம்கூட முழுதாக வராது. நீங்கள் கேட்பதோ இரண்டு வருடம். முதல் நாவலுக்கு ஆனதோ நான்கு வருடம்.

மீதியைப் பிஎஃப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். அதைத்தான் 'தனி' என்று பட்டும் படாமலும் எழுதியிருக்கிறீர்கள் போல. வேண்டாம். தொடர்ந்து ஐந்து வருடச் சேவை முடியாமல் எடுத்தால் வரி வரும் என்பது ஒரு பக்கம். எழுத்தாளருக்கு பென்ஷன் கிடையாது, ஐம்பத்தெட்டு வயதில் உங்களுக்கென்று இருக்கப்போவது அது ஒன்றுதான் என்பது இன்னொரு பக்கம். அப்புறம் மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி பொதுவாக வேலையை விடும் நாளோடு போய்விடும். இன்றைக்கு வேலையில் இருந்தாலும் சரி, குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு பாலிசியை இப்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. அந்தக் காலம் நீங்கள் சம்பளத்தில் இருக்கும்போதே ஓடிக் கழியட்டும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதெல்லாம் அல்ல.

வேலையை விட்டால் நேரம் கிடைக்கும் என்று நம்புகிறீர்கள். என்னிடம் வரும் முழுநேர எழுத்தாளர்களின் வரவுப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். நாவல் ராயல்டி அதில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். மற்ற வரிகளில் சீரியல் வசனம், விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு, யாரோ ஒரு தொழிலதிபரின் சுயசரிதையைப் பெயர் இல்லாமல் எழுதிக் கொடுத்தது, கல்லூரியில் பயிலரங்கம், பாடநூலுக்குப் பிழை திருத்தம் என்று வரிசையாக இருக்கும். அதாவது புத்தகம் சோறு போடுவதில்லை, புத்தகத்தால் கிடைத்த பெயர்தான் சோறு போடுகிறது. அந்தப் பெயரைக் காசாக்கும் வேலை ஒவ்வொன்றும் எழுத்து வேலை. காலையில் எட்டு பக்கம் வசனம் எழுதிக் கொடுத்த கைக்குச் சாயங்காலம் நாவலின் ஒன்பதாம் பக்கம் வராது. இன்றைக்கு உங்களுக்கு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் அனுப்பி, சாம்பிள் துரத்தி, ஷிப்மெண்ட் தேதிக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தால் உடம்புதான் அசந்திருக்கிறது. வேலையை விட்டபின் மொழியும் சேர்ந்து அசந்துபோகும்.

இதனால்தானோ என்னவோ, நம் பெரிய எழுத்தாளர்களில் பலர் சம்பளத்தை விடவில்லை. லா.ச.ரா.வும் வண்ணதாசனும் வங்கியில் இருந்தார்கள். தி. ஜானகிராமன் வானொலியில். சுஜாதா அத்தனை பத்திரிகைகளில் அத்தனை தொடர் எழுதிய காலத்திலும் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார். எதிர்ப்பக்கத்தில் அசோகமித்திரன். 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டவர் அதன்பின் எழுத்தை நம்பியே வாழ்ந்தார். அது எவ்வளவு நெருக்கடியான வாழ்க்கை என்பது அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும். முடியாது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புக் குழந்தையையும் வீட்டுக்கடனையும் வைத்துக்கொண்டு எட்டு மாதக் கையிருப்போடு அதைத் தொடங்காதீர்கள் என்கிறேன்.

என்ன செய்யலாம்? 28,000-தான் தேவை என்று கண்டுபிடித்தோம் அல்லவா? அப்படியென்றால் 46,000 சம்பளத்தில் 18,000-ஐ விட்டுக்கொடுக்க உங்களால் முடியும். அந்த 18,000-ஐக் கொடுத்து நேரத்தை வாங்குங்கள். வாரம் நான்கு நாள் வேலை கேளுங்கள். இல்லையென்றால் டாகுமெண்டேஷன் மாதிரி, சாயங்காலம் ஆறு மணிக்கு போன் அடங்கும் ஒரு பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். முதலாளி முதலில் சிரிப்பார். அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் மொத்தமாகப் போவதைவிட நான்கு நாள் வருவது மேல் என்று ஒரு வாரத்தில் அவருக்கே கணக்கு வரலாம். வரவில்லை என்றால் 30,000 சம்பளத்தில் வேறு சின்னக் கம்பெனி தேடுங்கள். இதில் கௌரவப் பிரச்சினை பார்த்தால் அப்புறம் எழுத்தாளராக இருப்பதே கஷ்டம். சேமிப்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்து அந்த 40,000. கேட்ட பதிப்பகத்தின் பெயரை நீங்கள் எழுதாதது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுவது குற்றமல்ல, ஆனால் அதற்குப் பெயர் பதிப்பு அல்ல, அச்சு. புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு லாபம் முதல் நாளே வந்துவிடுகிறது, அதனால் விற்க வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. 1996-ல் என் கவிதைகளை இப்படித்தான் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்துப் போட்டேன். (ஆம், ஆடிட்டர்களும் எழுதுவார்கள்.) கல்யாணங்களில் மொய்க்கவரோடு சேர்த்துக் கொடுத்தது போக மீதிக் கட்டுகள் பரணில் இருந்தன. ஒரு நவராத்திரிக்கு என் மனைவி கொலுப்படி ஆடாமல் இருக்க அவற்றில் நான்கை அண்டக்கொடுத்தாள். அந்தப் புத்தகம் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். செலவழித்தே தீர வேண்டுமென்றால் நீங்களே போடுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணம் வாங்குவதில்லை. தேவைக்கு அச்சிடும் முறையில் 50, 100 பிரதி என்று போட்டுத் தரும் அச்சகங்கள் இப்போது நிறைய. ஆனால் உங்களுக்கு அதற்கும் அவசியமில்லை. 500 பிரதி விற்றுக் காட்டிய எழுத்தாளர் நீங்கள். காசு கேட்காத பதிப்பாளர் கிடைப்பார், ஆறு மாதம் பொறுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒப்பந்தம் என்ற வார்த்தையே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. முதல் நாவலுக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-ஆம் பிரிவை யாரிடமாவது கேட்டாவது தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத பட்சத்தில், அது உங்களிடமே திரும்பிவிடும். சட்டம் எழுத்தாளர் பக்கம் இவ்வளவு சாய்ந்து நிற்கிறது. நாம்தான் புத்தகம் வந்தால் போதும் என்று பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறோம். அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். அச்சுக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் வாரிசுகளுக்கு, உங்கள் காலத்துக்குப் பின் 60 வருடம் வரை அந்த உரிமை நீடிக்கும். இதை உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். சொத்து என்று வந்தால் பேசினாலும் பேசுவார்.

அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால் ராயல்டி எந்த விலைக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். நூலகத் துறை புத்தகத்தில் போட்ட விலைக்கே வாங்கும் என்று சொல்ல முடியாது, அவர்கள் தரும் விலை குறைவாக இருக்கலாம். பணமும் உடனே வராது. ஆனால் ஒரே மூச்சில் பல நூறு பிரதி போகிற இடம் தமிழில் அது ஒன்றுதான். ஆணை வந்ததா இல்லையா என்று எழுத்தாளருக்கே தெரியாமல் போன கதைகள் உண்டு, அதனால் கேளுங்கள்.

இயக்குநர் விஷயம். போய் வாருங்கள், வேலையை விடாமல், லீவு போட்டு. டிஸ்கஷன் என்பது டீயும் வடையும் நிறைய கிடைக்கும் இடம், பணம் எப்போது கிடைக்கும் என்பது வேறு விஷயம். மூன்றாவது நாளைத் தாண்டினால் முன்பணம் கேளுங்கள். அவரிடம் வாய்விட்டுச் சொல்லும் முன், கதை உங்களுடையது என்றால் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், படத்துக்கு எழுதியவர் அந்த எழுத்து தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைக் கையெழுத்துப் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. ஒப்பந்தத்தில் 'அனைத்தையும் நிரந்தரமாக' என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தால் பயப்படாமல் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டிலை நீங்கள் அலட்சியமாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதம் 2,000 என்றால் வருடம் 24,000, உங்கள் நாவல் இரண்டரை வருடத்தில் கொடுத்ததைவிட அதிகம். தமிழில் மின்னூலில் உண்மையாகச் சம்பாதிப்பவர்கள் பெரும்பாலும் குடும்ப நாவல் எழுதும் பெண்கள். இலக்கியக் கூட்டங்களில் அவர்கள் பெயர் அடிபடாது, வங்கிக் கணக்கில் அடிபடும். இந்தியாவில் விற்கும் மின்னூலுக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது. இல்லையென்றால் 35 சதவீதம்தான். எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்காவிலிருக்கும் தமிழர்கள் வாங்குவதற்கு அந்த நாட்டு வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் 15 சதவீதம், இல்லையென்றால் 30. இன்று ராத்திரியே திறந்து பார்க்க வேண்டிய விஷயம் இது.

வரியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது, நீங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறீர்கள். எழுத்தாளர் ராயல்டியில் 3 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சட்டத்தின் 80க்யூக்யூபி பிரிவைப் பற்றி யாராவது சொல்வார்கள். அது பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், பள்ளிப் பாடநூல்களுக்கும் கிடையாது. பதிப்பகம் வருடத்தில் 50,000-க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்தம் செய்யும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ராயல்டியைச் சம்பளத்தோடு சேர்த்து ரிட்டர்னில் காட்டிவிடுங்கள், சின்னத் தொகை என்று விடாதீர்கள். ஒரு வேடிக்கை: திரைக்கதை, வசனம் எழுதுகிறவர் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டிக் கணக்கை எளிதாக முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. அந்தத் தொழில்களின் பட்டியலில் நாவலாசிரியர் இல்லை. நாவல் எழுதுவதை அரசாங்கமும் தொழிலாக நினைக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாவது நாவல் பாதி முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள் வேலை கிடைத்தால் வெள்ளி, சனி இரண்டும் உங்களுடையவை. வருடம் நூறு நாள். மீதிப் பாதிக்கு அது போதாதா? நாவல் கைக்கு வந்து, கிண்டில் வரவு ஒரு வருடம் தொடர்ந்து மாதம் 10,000-ஐத் தொட்டு, கையிருப்பு இரண்டு வருடத் துண்டுக்கு வரும்போது மறுபடி எழுதுங்கள். அன்றைக்கு நான் வேறு பதில் சொல்லலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. முதல் பதிப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள்: மார்ச் 31 வரை எத்தனை அச்சடித்தீர்கள், எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு, நூலக ஆணை உண்டா என்று. ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். 'அனைத்து உரிமைகளும்' என்று எங்கேயாவது இருந்தால் அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டு அனுப்புங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.